செல்லமுத்து ரைட்டர் படிக்காத சேதி

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வர வேண்டிய பஸ் அரை மணி நேரமாக வரவில்லை. இரண்டு கையிலும் பை, தலைக்கு மேல் தூறல். அந்த நேரம் பார்த்து ராசாத்தி போன் செய்தாள்.

"டீச்சர், எங்கீங்க இருக்கறீங்க?"

"எங்க இருந்தா உனக்கென்ன, விஷயத்தச் சொல்லு" என்று வழக்கம்போல் எரிந்து விழுந்தேன்.

"ரைட்டரு போயிட்டாருங்க டீச்சர். காலைல காப்பி குடிச்சுப்போட்டு நாற்காலில சாஞ்சவரு, அப்படியே போயிட்டாருங்க."

எந்த ரைட்டர் என்று கேட்டேன். இந்த மலையில் எனக்கு ஒரே ஒரு ரைட்டர்தான் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன். "நம்ம ரைட்டருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் அடித்தார். நான் பைகளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். இருபத்தாறு வருடம் பெண்கள் விடுதியின் காப்பாளராக இருந்து ஊரையே மிரட்டியவள் நடுரோட்டில் அழுவதை ஏற்காடு அன்றுதான் பார்த்தது.

மறுநாள் அதே இடத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பழைய போட்டோ, மீசை கறுப்பாக இருக்கிறது. கீழே 'சமூக சேவகர்' என்று போட்டிருந்தார்கள். அவர் பார்த்திருந்தால் "நான் என்னத்தைங்க சேவிச்சேன்?" என்று கேட்டிருப்பார். அந்தப் பேனருக்கு முன்னால் நின்ற பலருக்கு அவர் எதைச் செய்தார் என்று தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் செய்தார். இப்போது அவர் இல்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டேன். எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் பேர் எழுதுகிறவர். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவர். தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் செல்லமுத்து முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தார். அதோடு இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே செல்போன் எடுக்காது. வெளியிலிருந்து யாருக்கு என்ன சேதி வந்தாலும் எஸ்டேட் ஆபீஸின் கம்பி போனுக்குத்தான் வரும். ரைட்டர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். மறுநாள் காலை பேர் கூப்பிட்டு முடித்ததும் அத்தனை பேர் முன்னாலும் படிப்பார். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாமே ஒரே குரலில். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் ஒருத்தி ஆட்டைப் பார்த்துக்கொள்வாள், இன்னொருத்தி கூடவே கிளம்பி வருவாள். அதனால் அது நல்ல வழக்கமாகத்தான் இருந்தது.

என் விடுதியில் பாதிப் பேர் எஸ்டேட்டுப் பிள்ளைகள். அதனால் மாதம் இரண்டு முறையாவது ரைட்டருக்குப் போன் செய்வேன். யார் பேசுவது, யாருக்குச் சேதி, என்ன சேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். "காய்ச்சல்னு சொன்னா காய்ச்சல்னு சொல்லுங்களேன், எதுக்கு இத்தன கேள்வி?" என்று ஒருநாள் கத்தினேன். "ஏனுங்க டீச்சர், நீங்க எனக்கு ஒருத்தனுக்குச் சொல்றீங்க. நான் நூறு பேருக்குப் படிக்கோணும். ஒரு வார்த்த மாறுனா வம்புங்க" என்றார். சரியான கிறுக்கு ஆசாமி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நிவேதாவின் நாளுக்கு வருகிறேன். நிவேதா ராசாத்தியின் ஒரே மகள். அப்பா இல்லை. ராசாத்தி அந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். பிள்ளை என் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். ஒருநாள் காலை ஒரு டீச்சர் என் ஆபீஸ் அறைக்கு வந்து ஒரு கடிதத்தை மேசைமேல் போட்டார். நிவேதா இன்னொரு பெண்ணுக்கு எழுதியது. காதல் கடிதம்தான், வேறு பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை. அவளை விட்டுவிடுகிறேன்.

நிவேதாவைக் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்று முழுவதும் எழுதக் கை கூசுகிறது. அசிங்கம் என்றேன். உன் அம்மா இதற்காகவா மழையில் நனைந்து பழம் பறிக்கிறாள் என்றேன். வகுப்புக்குப் போ என்று அனுப்பிவிட்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். எஸ்டேட்டுக்குப் போன் போட்டேன். அந்தக் கம்பி போனில் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். "ராசாத்திய உடனே கிளம்பி வந்து மகளக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இன்னொரு பொண்ணோட தப்பான பழக்கம். கையெழுத்தோட கடுதாசி இருக்கு. ஹாஸ்டல்ல வெச்சுக்க முடியாது" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து, முழுவதையும் இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னேன். "எழுதிக்கிட்டீங்களா?"

"கேட்டுச்சுங்க. எழுதலைங்க" என்றார் ரைட்டர். "நான் நேர்ல வர்றேனுங்க. அதுவரைக்கும் புள்ளையத் தனியா உட்ராதீங்க."

"உங்கள யாரு வரச் சொன்னது? அவங்கம்மாவ வரச் சொல்லுங்க" என்று போனை வைத்தேன். தனியாக விடாதீர்கள் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். காலெல்லாம் சேறு. துடைத்த தரையில் சேறு பட்டதற்கு ஒரு சத்தம் போட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை. "புள்ள எங்கீங்க?" என்றார். வகுப்பில் கேட்டேன், வரவில்லை என்றார்கள். படுக்கை அறையில் பை இருந்தது, பிள்ளை இல்லை. குளியலறை, சமையல்கூடம், எங்கேயும் இல்லை.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு, போலீசுக்கு, எஸ்டேட்டுக்கு, எல்லோருக்கும் போன் போடத் துடித்தேன். "அரை மணி நேரம் நாம தேடலாமுங்க. கெடைக்கலைன்னா போலீசுக்கு நானே பேசறேன்" என்றார். பிறகு என் மேசைமேல் இருந்த மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். இந்த நேரத்தில் சாப்பாடு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். ஒண்டிக்கடைக்குப் போனதும்தான் விளங்கியது. டப்பாவைத் தூக்கிக் காட்டி, "எங்க எஸ்டேட்டுப் புள்ள ஒண்ணு சோத்து டப்பாவ மறந்துட்டுப் போயிருச்சுங்க. யூனிபாரம் போட்டிருக்கும். இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்று கடை கடையாகக் கேட்டார். மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சேர்வராயன் கோயில் பஸ்சுல ஏறுச்சுங்க" என்றாள். நான் கேட்டிருந்தால் என் முகத்தைப் பார்த்தே ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடியிருக்கும். ஒரு பிள்ளையைக் காணோம் என்பதே அன்றைக்கு ஒண்டிக்கடைக்குத் தெரியவில்லை.

ஒரு ஜீப் பிடித்து மேலே போனோம். கோயிலைத் தாண்டிப் புல்வெளியில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். "டீச்சர், மெதுவாங்க" என்று என்னை நிறுத்திவிட்டு, அவர் நடந்துபோய் அவளுக்கு நாலடி தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டப்பாவை நடுவில் வைத்தார். பிறகு கேட்டார்.

"சாகலாம்னு வந்தயா கண்ணு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ சாமி, பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? நினைக்காதவளுக்கும் நினைப்பைக் கொடுத்துவிடுவாரே என்று பதறினேன். பின்னால் இதைச் சொல்லிச் சண்டை போட்டபோது, "நெனப்பு ஏற்கெனவே வந்திருக்குதுங்க டீச்சர். கேட்டாத்தான் வெளிய வரும்" என்றார். அன்று நிவேதா அவரை நிமிர்ந்து பார்த்து, "ஆமாங்க ஐயா" என்றாள். சொல்லிவிட்டு அடக்க மாட்டாமல் அழுதாள்.

"செரி. சொன்னயே, அது போதும் சாமி. நானு இன்னிக்கு எங்கயும் போகல" என்றார்.

அடுத்து என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க கொஞ்சம் அந்தக் கோயிலாண்ட போய் நில்லுங்க" என்றார். சுருக்கென்று தைத்தது. காப்பாளர் நான், என்னைப் போகச் சொல்ல இவர் யார்? ஆனாலும் போனேன். கோயில் வாசலில் நின்றுகொண்டு சாமியையும் கும்பிட்டேன், அவரையும் திட்டினேன். அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார், செல்போனில் எண்ணை அழுத்தினார், இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தார். அந்த உச்சியில் சிக்னல் உண்டு. முக்கால் மணி நேரம் பேசினாள். கோயிலுக்கு வந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் நடந்தால், இவர் எழுந்து போய் ஊர்க்கதை பேசி வேறு பக்கம் திருப்பிவிட்டு வருவார். பேச்சின் நடுவில் எப்போதோ அவள் டப்பாவைத் திறந்தாள். என் தக்காளிச் சோற்றில் பாதி தீர்ந்திருந்தது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "புள்ள எங்கிட்டச் சொன்னதுல, உங்ககிட்டச் சொல்லலாம்னு சொன்னத மட்டும் சொல்றேனுங்க" என்றார். இன்றைக்கு விடுதியில்தான் இருப்பாள், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது தெரியக் கூடாது. நாளைக்கும் அந்தப் போனில் பேசுவாள், அதற்கு ஓர் அறையும் கதவும் வேண்டும்.

"மத்ததெல்லாம்?" என்றேன்.

"மத்தது அது சொன்னாத்தானுங்க" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்ன மூன்றையும் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வந்தவர் என் அறையில் உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் ஏன் எழுதலைன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே டீச்சர்" என்றார். கேட்கவில்லைதான். சொன்னார். பல வருடம் முன்னால், சமவெளியில் ஒரு மில்லில் வேலைக்குப் போயிருந்த லைன் வீட்டுப் பையன் ஒருவனைப் பற்றிச் சேதி வந்திருக்கிறது. உங்கள் மகன் இன்னொரு பையனோடு இருந்தான், வேலையை விட்டு நிறுத்திவிட்டோம், வந்து கூட்டிப் போங்கள் என்று. ரைட்டர் எழுதிக்கொண்டார். காலையில் பேர் கூப்பிட்டு முடித்ததும் படித்தார். காய்ச்சலைப் படிக்கிற அதே குரலில் படித்தார். பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். பையன் அன்றைக்கே பஸ்ஸை விட்டிறங்கித் தனியாக நடந்து வந்துவிட்டான். வருகிற வழியெல்லாம் ஆட்கள் காப்பிச் செடி நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவன் உயிரோடு இல்லை.

"என் வேலை படிக்கறது. படிச்சுட்டேனுங்க. ஒருத்தருகூட என்னையத் தப்பா சொல்லலைங்க டீச்சர். அவங்க அம்மாகூட சொல்லல" என்றார். அந்தப் பையனின் பேரைக் கேட்டேன். "அந்தப் பேர நான் ஒருக்காக் கூப்பிட்டது போதுமுங்க" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்தப் பையன் போன பிறகு அவர் செய்யத் தொடங்கிய வேலையை, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், கொஞ்சம் கூடமாடச் செய்தேன். உதவி எண்கள் எங்கெங்கோ அச்சாகி வரும், பேப்பரில் வரும், போனில் வரும். ரைட்டர் எதையும் அப்படியே நம்ப மாட்டார். முதலில் தானே கூப்பிடுவார், ஒரு பையனின் அப்பாவாக. "எம்பையன் இந்த மாதிரி இருக்கறானுங்க. பொண்ணுங்க மேல நாட்டம் இல்லீங்களாம். என்னங்க பண்றது?" என்பார். சில எண்கள் அடித்துக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில், கூட்டி வாருங்கள், மாத்திரை கொடுத்து மாற்றிவிடலாம் என்றார்கள். "மாத்தறாங்களாமா!" என்று சொல்லி அந்த எண்ணைத் தாள் கிழியும்படி அடித்தார். ஒரு பெண் குரல் மட்டும் எடுத்தவுடன், "உங்க பையன் இப்போ எங்க இருக்கார்? பத்திரமா இருக்காரா?" என்று கேட்டது. ரைட்டர் அந்தக் கேள்வியை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். நிவேதா கோயிலில் பேசியது அந்த எண்ணில்தான். வருடத்துக்கு இரண்டு தடவை அந்த அப்பா மறுபடியும் போன் செய்து, எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "ஐயா, உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும். நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாராம். வெட்கப்பட்டுப்போய் என்னிடம் வந்து சொன்னார்.

அந்த எண்ணை விடுதிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஆவேசம் வந்தது. கொட்டை எழுத்தில் எழுதியும் முடித்துவிட்டேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தனியா ஒட்டுனா, அதப் பாக்கற புள்ளைய மத்த புள்ளைங்க பாப்பாங்க" என்றார். பிறகு அவரே ஒரு தாளில் கேஸ் ஏஜென்சி, கரண்ட் ஆபீஸ், ஆம்புலன்ஸ், பஸ் ஸ்டாண்டு என்று வரிசையாக எழுதி, ஆறாவதாக அதையும் எழுதினார். 'மனசு சரியில்லாதவர்கள், யாரிடமும் சொல்ல முடியாதவர்கள்' என்று பக்கத்தில் சின்னதாக. அந்தத் தாளை எத்தனை பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவரைப் புனிதராக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிடிவாதக்காரர். வாயில் பழைய காலத்துச் சொற்கள் கிடந்தன. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு திருநங்கைப் பிள்ளையிடம் பேசும்போது, கேட்கக் கூசும் ஒரு சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "உதவி பண்ணாட்டியும் பரவால்லீங்க, அப்படிச் சொல்லாதீங்க" என்றது. நான் பல்லைக் கடித்தேன். ரைட்டர் பேனாவை எடுத்து, "வேற எப்படிங்க சொல்லோணும்? நீயே சொல்லு கண்ணு, எழுதிக்கறேன்" என்றார். எழுதியும் கொண்டார். என்னிடம் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன்.

ராசாத்திக்கு விஷயம் தெரிந்தது பரீட்சை முடிந்த பிறகு. தானே சொல்வதாக நிவேதா நாள் குறித்தாள். சேலத்திலிருந்து ஓர் ஆலோசகர் அம்மா வந்திருந்தார். எஸ்டேட் ஆபீஸ் அறையில் மூவரும் இருக்க, நானும் ரைட்டரும் வெளியே நின்றோம். பத்து நிமிடத்தில் ராசாத்தி கதவைத் திறந்துகொண்டு வந்து ரைட்டரின் முன்னால் நின்றாள்.

"உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"தெரியும் ராசாத்தி."

"தெரிஞ்சே எங்கிட்ட மறைச்சீங்களா? என்ற புள்ளைங்க அவ! பெத்தவகிட்டச் சொல்லாம நீங்க யாருங்க வெச்சுக்கறதுக்கு?"

"மறைச்சேன். புள்ள சொல்ல வேண்டாம்னுச்சு, மறைச்சேன். திட்டோணும்னா என்னையத் திட்டு, உள்ள போய் அவளத் திட்டாத" என்றார்.

திட்டினாள். லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டினாள், எதற்காக என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மகளோடு பேசியதும் அரைகுறைதான். "நொம்ப நாளு போன்ல சாப்பிட்டயான்னு மட்டும்தான் கேப்பேனுங்க டீச்சர். வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்று பிறகு என்னிடம் சொன்னாள். இப்போது நிவேதா கோயம்புத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூட ஒரு தோழி இருக்கிறாள். போன பொங்கலுக்கு இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ராசாத்தி அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத் துணி எடுத்திருந்தாள். ரைட்டரின் சாவுக்கு முதல் ஆளாக ஓடியதும், எனக்குப் போன் செய்ததும் அதே ராசாத்திதான்.

அடக்கத்துக்கு மறுநாள் தலைச்சோலையில் அவர் வீட்டு வாசலில் நிவேதாவைப் பார்த்தேன். எட்டு வருடம் ஆகிவிட்டது அந்த நாளுக்கு. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நன்றாக இருந்தது. ரைட்டரைப் பற்றி எழுதப் போகிறேன், உன் கதை இல்லாமல் எழுத முடியாது, என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள். அம்மாவிடம் அந்த நாளைப் பற்றித் தானே முதலில் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். பிறகு நான் எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னிக்குக் காலைல நான் எஸ்டேட்டுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன் நிவேதா. அவர் எழுதாம விட்டதுனாலதான் லைன்ல தெரியாமப் போச்சு. என்னை மன்னிச்சிரு."

"தெரியும் மிஸ்" என்றாள்.

"ரைட்டர் சொன்னாரா?"

"அவரு எங்க சொல்லுவாரு. நீங்க வகுப்புக்குப் போன்னீங்க, நான் போகல. உங்க ஜன்னலுக்குக் கீழதான் நின்னேன். நீங்க போன்ல ரெண்டு தடவ சொன்னீங்க. காலைல பேர் கூப்பிட்டுட்டுப் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியுமே மிஸ். எங்கம்மா அத்தன பேர் நடுவுல நின்னு கேப்பாங்க. நீங்க திட்டுனதக்கூடத் தாங்கிட்டேன். அதக் கேட்டதும்தான் கோயில் பஸ் ஏறினேன்."

கடிதம் பிடிபட்டதால் போனாள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவளை அங்கே அனுப்பியது என் குரல். "இதை ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றேன்.

"அன்னிக்கு ஐயாகிட்டச் சொன்னேன். யாருகிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டாரு. அம்மாவுக்கு இப்பச் சொல்ல வேண்டாம்னேன். வார்டன் மிஸ் போன்ல பேசுனத நான் கேட்டேன்னு அவங்களுக்கு எப்பவுமே சொல்ல வேண்டாம்னேன். அவங்க தாங்க மாட்டாங்கன்னு."

பதினேழு வயது அவளுக்கு அப்போது. சாகப் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி யோசித்திருக்கிறாள். என்னைக் கோயில் பக்கம் போய் நிற்கச் சொன்னாரே ரைட்டர், அந்த நேரத்தில்தான் இது நடந்திருக்கிறது. நான் அங்கே நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அவரும் நானும் எத்தனை காப்பி குடித்திருப்போம். யார் யாரிடமோ, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருத்தி என்று பெருமை பேசியிருக்கிறேன். பேர் சொல்லாமல்தான் பேசினேன், ஆனால் பேசினேன். ஒவ்வொரு முறையும் அவர் காப்பியை ஊதிக்கொண்டே "ஆமாங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். அந்த "ஆமாங்க டீச்சர்" ஒன்றைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன்.

நிவேதா என்பது அவள் பெயரல்ல. ராசாத்தி என்பதும் அவள் அம்மாவின் பெயரல்ல. மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். என் பெயரை நான் மாற்றவில்லை.

கோ. தமிழரசி
விடுதிக் காப்பாளர், ஓய்வு